வேலைய விடாம மேல படிங்க

பி.இ. முடிச்சு ஆறேழு வருஷம் ப்ளாண்ட்ல ஓட்டின தம்பி தங்கச்சிங்க இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப கேக்குறது, "அண்ணா, வேலைய விட்டுட்டு எம்பிஏ போகட்டுமா?" விடாதீங்க. வேலையில இருந்துகிட்டே இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் பக்கம், அதாவது ப்ளாண்ட்ல ஆள், செலவு, உற்பத்தி எல்லாத்தையும் நிர்வாகம் பண்ணக் கத்துக்குற படிப்பு, அதப் படிங்க. ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன்.

இந்த வயசுல உங்க கைல ஒரு ப்ரொடக்‌ஷன் லைன், முப்பது நாப்பது ஆளுங்க, ஒரு பட்ஜெட்னு குடுத்துடுறாங்க. இதுக்கு காலேஜ்ல நமக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? ப்ரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்னு ஒரு பேப்பர், அதையும் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிச்சு பாஸ் பண்ணவங்கதான் பாதிப் பேர்.

ஒரு உதாரணம். உங்க லைன்ல மணிக்கு 60 பீஸ் வெளிய போகுது, நடுவுல 480 பீஸ் குவிஞ்சு கிடக்குது. அப்போ இப்ப உள்ள போற பீஸ் வெளிய வர சராசரியா 8 மணி நேரம், முழுசா ஒரு ஷிஃப்ட். ஜான் லிட்டில் 1961-லயே கணக்கு போட்டு நிரூபிச்ச விஷயம் இது, லிட்டில்ஸ் லான்னு பாடத்துல வரும். இது தெரியாம டெலிவரி லேட்டுன்னதும் முன்னாடி ஸ்டேஷனுக்கு இன்னொரு மெஷின் வாங்கிப் போடுறாங்க, ஆனா தடை இருக்குறது பின்னாடி, அதனால குவியல்தான் பெருசாகும்.

காஸ்டிங், அதாவது ஒரு பீஸுக்கு எவ்ளோ செலவாச்சுன்னு போடுற கணக்கு, இன்னும் முக்கியம். மெஷின் சும்மா நின்னா அந்த மாசக் கணக்குல நஷ்டம் மாதிரி காட்டும், அதுக்கு பயந்து ஆர்டர் இல்லாத பீஸையும் ஓட்டி ஸ்டோர்ல அடுக்குறோம், வாடகை மாதிரி நிலையான செலவுல ஒரு பங்கு அந்த ஸ்டாக் மேல ஏறி உக்காந்துக்கும், லாபம் பேப்பர்ல நல்லாவே தெரியும், கைல பணம் இருக்காது. அக்கவுண்ட்ஸ்காரங்க முன்னாடி உக்காந்து இத பேசுற தெம்பு நம்ம ஆளுங்களுக்கு வேணும்.

இதெல்லாம் வேலைய விட்டுட்டு படிச்சா வெறும் கேஸ் ஸ்டடிதான். வேலையில இருக்கும்போது சனிக்கிழமை கிளாஸ்ல கேட்டத திங்கக்கிழமை உங்க லைன்லயே போட்டுப் பாக்கலாம். பிட்ஸ் பிலானியோட வேலை செய்றவங்களுக்கான எம்.டெக்ல கடைசி செமஸ்டர் டிஸர்டேஷனே (ஆய்வு ப்ராஜெக்ட்) உங்க கம்பெனி வேலைய வச்சு பண்றதுதான். ஐஐடி மெட்ராஸ்ல எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏ இருக்கு. இது நேத்து வந்த ஃபேஷனும் இல்ல, இதுக்குன்னே 1963-ல மும்பைல நிட்டிங்கிற இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பயிற்சி நிறுவனத்த ஆரம்பிச்சாங்க, இப்ப அது ஐஐஎம் மும்பை.

எனக்கு நிஜமாவே கோவம் வர்றது கம்பெனிங்க மேலதான். ஸ்கில் இல்ல, லீடர்ஷிப் இல்லன்னு ரிவ்யூ மீட்டிங்ல புலம்புவாங்க, படிக்கப் போறேன்னு சொல்லி அனுமதி லெட்டர்ல கையெழுத்து கேட்டா மாசக்கணக்குல இழுப்பாங்க, பரீட்சை அன்னிக்குப் பாத்து முந்தின ராத்திரி சி ஷிஃப்ட் போடுவாங்க. கல்யாணமான பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டம், ஞாயித்துக்கிழமை கிளாஸ்னா வீட்டுலயும் முகம் மாறும். பரீட்சை நாளுக்கு சம்பளத்தோட லீவு, அந்த வாரம் மட்டும் பகல் நேர ஜெனரல் ஷிஃப்ட், இவ்ளோதான் கேக்குறோம். அதுல வர்ற ப்ராஜெக்ட்டோட பலன் கம்பெனிக்குத்தானே போகுது?

டிகிரி விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. அனுமதி இல்லாம நிகர்நிலை பல்கலைக்கழகங்கள் தபால் வழியில குடுத்த இன்ஜினியரிங் டிகிரி விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2017 நவம்பர்ல தீர்ப்பு குடுத்து நிறைய பேரோட டிகிரி செல்லாமப் போச்சு, அதவச்சு ப்ரமோஷன் வாங்கினவங்களும் மாட்டினாங்க. அதனால ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அனுமதி இருக்கான்னு அவங்க சைட்லயே போய்ப் பாருங்க, ஏஜெண்ட் பேச்ச நம்பாதீங்க. அப்புறம் சிலபஸ்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (கணக்கு போட்டு முடிவெடுக்குற பாடம்), காஸ்டிங், ப்ராஜெக்ட் ஷெட்யூலிங் மூணும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வேற காலேஜ் தேடுங்க.