திறப்பின் பற்றரி அல்ல, இருக்கைக்கு அடியைப் பாருங்கள்

தம்பி, "ரிமோட் பற்றரி செத்தால் பழைய போர்ஷே பொக்ஸ்டர் கார் ஸ்டார்ட் ஆகாது, புதுத் திறப்பு வாங்குங்கள்" என்று எழுதியிருப்பது சரியில்லை. அந்தப் பற்றரி ரிமோட்டில் கதவு திறக்கத்தான். திருட்டைத் தடுக்க, சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசரின் சிப் வேறு, அதுவும் திறப்புக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பற்றரியே கிடையாது, திறப்பு போடும் இடத்தைச் சுற்றியுள்ள சுருளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

பொக்ஸ்டரின் முதல் தலைமுறையான 986 மொடலில், இம்மொபிலைசரையும் கட்டுப்படுத்தும் அலாரப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு இருக்கிறது. காரின் மடக்குக் கூரையின் வடிகால் துளையை இலை அடைத்தால் மழைத்தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். உப்புவெளியில் போன மார்கழி மழைக்குப் பிறகு ஒரு காரின் கம்பளத்தைப் பிழிந்தேன். பெட்டியின் பின்களில் பச்சைக் களிம்பு.

திறப்புக்குக் காசு கொடுக்குமுன் அந்தக் கம்பளத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஈரமென்றால் முதலில் கார் பற்றரியைக் கழற்றுங்கள், அப்புறம் பெட்டியைத் தொடுங்கள்.