ஈயச் சொம்பும் டிடிஎஸ் மீட்டரும்

போன மாதம் ரசத்துக்கென்று ஆன்லைனில் ஒரு ஈயச் சொம்பு வாங்கினேன். பெங்களூர் மாரத்தஹள்ளி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முதல் கேள்வியே, "வெள்ளீயம்தானேடி? யாருகிட்ட வாங்கின?"

எனக்கு அதுவரை ஈயம் என்றால் ஒன்றுதான். சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில், அதாவது டின்னில். காரீயம், அதாவது லெட், அதைவிட மிக மலிவு, அது விஷம். கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது ரசத்தில் கரைந்து இறங்கும். விற்ற பக்கத்தில் 'பாரம்பரியம்' என்று நாலு இடத்தில் போட்டிருந்தார்கள், என்ன உலோகம் என்று ஒரு இடத்திலும் இல்லை. திருப்பி அனுப்பும் தேதியும் தாண்டிவிட்டது. சொம்பு இப்போது பரணில்.

எங்கள் ஆபீஸ் கூட்டத்துக்கு ஆரோக்கியத்தில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காற்றுத் தரத்துக்கு ஒரு ஆப், தண்ணீருக்கு டிடிஎஸ் மீட்டர். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பையெல்லாம் மொத்தமாகக் கணக்கிடுவது. குடிநீரில் காரீயத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் போல பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. நாம் என்னவோ 80 என்று பார்த்ததும் நிம்மதியாகக் குடிக்கிறோம்.

இத்தனைக்கும் இதே பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம்தான் 1999லேயே பல நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரீயம் அதிகம் என்று சொன்னது. அதுவரை பெட்ரோலில் காரீயம் கலந்தார்கள், 2000இல் அது போனது. அத்தோடு கதை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டோம். 2020இல் யுனிசெஃப், உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் காரீயம் கூடுதல் என்றது. சின்னக் குழந்தையின் உடல் பெரியவர்களைப் போல 4, 5 மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அடிபடுவது மூளை. வெளியில் ஒன்றும் தெரியாது. "பையன் கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டு டியூஷன் சேர்ப்போம்.

அப்புறம் நம் வீட்டு இன்வெர்ட்டர். அந்த பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம்தான். சில வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பழையதைத் தூக்கிக்கொண்டு போவார். எவ்வளவு கழிப்பீர்கள் என்று பேரம் பேசுவோம், எங்கே போகிறது என்று கேட்க மாட்டோம். ஒருமுறை கேட்டேன். "குஜிரிக்குப் போவும் மேடம். அங்கேந்து எங்க போவுதோ," என்றார். குஜிரி என்றால் பழைய இரும்புக் கடை.

லைசென்ஸ் இல்லாத பட்டறைகளில் பேட்டரியை உடைத்து, ஆசிடை மண்ணில் கொட்டி, தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். அந்த மண்ணில் விளையாடுவது உருக்குபவரின் பிள்ளைகள். என் வீட்டு மீட்டர் அங்கே எட்டாது. இதையும் விழிப்புணர்வு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும் என்று 2022இல் விதியே வந்துவிட்டது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். மூன்று கட்டைவிரல், ஒரு கும்பிடு. அடுத்த மெசேஜ், பார்க்கிங் சண்டை.

அடுத்த மாதம் எங்கள் பேட்டரி மாற்ற வேண்டும். இந்தத் தடவை பழையது எங்கே போகிறது என்று ரசீதில் எழுதித் தரச்சொல்லிக் கேட்கப்போகிறேன். கழிக்கிற தொகையைக் குறைத்துக்கொள்வார், தெரியும். உங்கள் ஏரியாவில் அப்படி எழுதித் தரும் கடை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.