ஸ்நேக் பிளான்ட் அறைக் காற்றைச் சுத்தம் செய்யுமா?

"படுக்கையறையில் இரண்டு ஸ்நேக் பிளான்ட் வைத்தால் நச்சு வாயுக்கள் போய்விடும், இரவிலும் ஆக்சிஜன் தரும், நாசாவே சொன்னது" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு.

நாசா 1989-இல் ஆய்வு நடத்தியது உண்மைதான். ஆனால் செடிகள் இருந்தது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள். வீட்டில் கதவிடுக்கு வழியே வந்துபோகும் காற்றே செடியைவிட வேகமாக வாயுக்களை வெளியேற்றிவிடும். அதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. அப்புறம் கட்டிலை எங்கே போடுவது?

இரவு ஆக்சிஜன் கதையும் பாதிதான் சரி. இந்தச் செடி இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும். ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும்.

காற்று சுத்தமாக வேண்டுமென்றால், சமைக்கும்போது புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, முடித்த பிறகும் 10 நிமிடம் ஓடவிடுங்கள். நுண்துகளுக்கு ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் உதவும். 4×3 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற, பியூரிஃபையரின் சி.ஏ.டி.ஆர். (ஒரு மணி நேரத்தில் அது தரும் சுத்தமான காற்றின் அளவு) மணிக்கு 180 கன மீட்டராவது இருக்க வேண்டும். பலர் புது ஃபில்டரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஓட்டுகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஹெப்பா வாயுவைப் பிடிக்காது. அதற்குக் கனமான கரி ஃபில்டர் தேவை. மெல்லிய கரி வலை சீக்கிரமே நிரம்பிவிடும்.