பெயர் தெரியாமல் உண்ட சோறு

'மெய்யழகன்' படத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை முடிந்தபாடில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் படம் வெளிவந்த வாரத்திலேயே நாங்கள் ஏழு பேர் கோலாலம்பூரில் சேர்ந்து போய்ப் பார்த்தோம். பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டு பேசத் தொடங்கியபோது, கோப்பை காலியாவதற்குள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிட்டோம். கார்த்தியின் நடிப்பு திகட்டுகிறது, ஒரு மனிதன் இவ்வளவு நேரம் இப்படிச் சிரித்துக்கொண்டும் உருகிக்கொண்டும் இருக்க முடியாது என்றார் அக்கா. படம் ஒரு மணி நேரம் அதிகம் என்றான் அக்காவின் மகன். தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என் நண்பர் சொன்னதுதான் கனமான குற்றச்சாட்டு. ஊரையும் உறவையும் இவ்வளவு அழகாகக் காட்டும் படம், அந்த உறவின் வேலியாக நிற்கும் சாதியைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று அவர் கேட்டார்.

இம்மூன்றிலும் உண்மை இருக்கிறது. இருந்தும் இந்தப் படத்தை நான் முழு மனத்தோடு நேசிக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1996இல் தஞ்சாவூரில் உறவினர்களுக்குள் எழுந்த சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து, அருள்மொழி என்ற இளைஞனின் குடும்பம் சென்னைக்குப் போய்விடுகிறது. 22 ஆண்டுகள் கழித்து, தங்கை முறையுள்ள புவனாவின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழியிடம் (அரவிந்த்சாமி) 'அத்தான், அத்தான்' என்று ஓர் உறவினர் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறார். அவர் யார், என்ன பெயர் என்று அருள்மொழிக்கு நினைவே இல்லை. கேட்கவும் கூச்சம். பேருந்தைத் தவறவிட்டு அன்றிரவு அந்த உறவினர் வீட்டிலேயே தங்க நேர்கிறது. இயக்குநர் பிரேம்குமார் 2018இல் எடுத்த '96'ஐப் போலவே இதிலும் கதையின் பெரும்பகுதி ஓர் இரவுக்குள் அடங்கிவிடுகிறது.

அக்காவின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கார்த்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் சொல்வது சரிதான். 2007இல் 'பருத்திவீரன்' வழியாக வந்த நாளிலிருந்து கிராமத்து மனிதராக நடிப்பது கார்த்திக்குக் கைவந்த கலை. அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் சில இடங்களில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் இந்தப் படத்தின் நடிப்பு, பேசுபவரின் முகத்தில் பாதியும் கேட்பவரின் முகத்தில் பாதியுமாக நிகழ்கிறது என்பது என் கருத்து. எதிரே இருப்பவர் அன்பைக் கொட்டக் கொட்ட, அதை எந்தப் பெயரில் வரவு வைப்பது என்று தெரியாமல் அரவிந்த்சாமி தவிக்கிறாரே, அந்தத் தவிப்புதான் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது, சற்று நேரம் கழித்துக் குற்ற உணர்வில் ஆழ்த்தவும் செய்கிறது. கார்த்தி அளவோடு அன்பு காட்டியிருந்தால் அருள்மொழிக்கு அவ்வளவு வெட்கம் வந்திருக்காது. அந்த வெட்கம் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. 'ரோஜா', 'பம்பாய்' காலத்தில் அழகுக்காகவே கொண்டாடப்பட்டவர் அரவிந்த்சாமி. அந்த முகம் இன்று வயதையும் களைப்பையும் மறைக்காமல், முக்கால்வாசிப் படத்தில் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தப் படத்தின் தலைமை நடிகர் அவர்தான். சுவரொட்டியில் யார் முன்னால் நிற்கிறார் என்பது வேறு விஷயம்.

திருமண மேடைக் காட்சியை அக்காவாலும் மறுக்க முடியவில்லை. கொண்டுவந்த நகைகளை அருள்மொழி கொடுக்க, மணப்பெண் அவற்றைத் தன் அண்ணன் கையாலேயே போட்டுவிடச் சொல்கிறாள். அங்கே பெரிய வசனம் எதுவும் கிடையாது. இருபத்திரண்டு ஆண்டு வராமல் போனதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கணக்குக் கேட்கவில்லை. அரங்கில் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். திரையின் கீழே ஓடிய மலாய் வரிகள் எவ்வளவு சரியாக இருந்தாலும், 'அத்தான்' என்ற சொல்லுக்குள் இருக்கும் உரிமையையும் கிண்டலையும் சேர்த்து அவற்றால் சுமக்க முடியாது என்று அப்போது தோன்றியது.

நீளம் பற்றி அக்கா மகன் சொன்னதைப் பாதி ஏற்கிறேன். படம் முதலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. வெளிவந்த சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். இரவில் இருவரும் உட்கார்ந்து பேசும்போது கரிகாலனும் போர்களும் ஈழமும் அடுத்தடுத்து வரும் இடங்களில், பேசுவது அந்த மனிதரா இயக்குநரா என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. சொல்லப்பட்ட வேதனையில் பொய் இல்லை. ஆனால் அதுவரை தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென மேடையேறிவிட்டதைப் போல இருந்தது. மற்றபடி, அந்தப் படத்தின் மெதுவான நடையை நான் குறையாகக் கருதவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

நண்பரின் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. 'நம்ம சொந்தம்' என்று நாம் நெகிழும்போது, அந்தச் சொந்தத்துக்குள் யாரைச் சேர்த்தோம், யாரை வாசலோடு நிறுத்தினோம் என்று கேட்பது நியாயம். இந்தப் படம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான் அந்தச் சொந்தத்தை வேறொரு வழியாகத்தான் உணர்ந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள். விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பிறகு தோளில் காவும் காண்டா வாளியோடு பால் மரக்காட்டுக்குள், அதாவது ரப்பர் மரங்களுக்குள், நுழையும் வாழ்க்கை அது. பக்கத்து வீட்டார் எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன முறை என்பதையெல்லாம் பார்க்காமல் எல்லோரையும் மாமா, சித்தி, அண்ணே என்று கூப்பிட்டு வளர்ந்தோம். சாதி அங்கே இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், திருமணப் பேச்சு வரும்போது அது தலைகாட்டும். ஆனால் பசியாற யார் வீட்டிலும் நுழையலாம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, நாங்கள் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அருள்மொழியின் குடும்பம் வீட்டை விட்டுப் புறப்படும் அந்த இரவைப் பார்க்கும்போது, தஞ்சாவூரைக் கண்ணால் கண்டிராத எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் இதுதான்.

லயங்கள் போன பிறகும் மாரியம்மன் கோயில் மட்டும் அங்கே மிஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவுக்கு அக்காவும் நானும் போயிருந்தோம். அன்னதான வரிசையில் நின்ற எங்களை ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார வைத்து, இலை போட்டுத் தம் கையாலேயே பரிமாறினார். எங்கள் அப்பாவின் பழைய சைக்கிளைப் பற்றி, அக்கா படித்த வகுப்பைப் பற்றி, நான் காய்ச்சலில் கிடந்த நாளைப் பற்றியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் மனம் நோகுமே என்று கேட்காமலே விடைபெற்றேன். வாசல்வரை வந்து காரின் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

படத்தில், தான் விட்டுச் சென்ற மிதிவண்டி இந்த மனிதரின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று அறியும்போது அருள்மொழியின் முகம் மாறும் மாற்றத்தைக் கண்டபோது நான் அந்தக் கோயில் வாசலுக்கே போய்விட்டேன். பெயர்கூடத் தெரியாத வீட்டில் இவ்வளவு அன்பை வாங்கிக்கொண்டோமே என்ற கூச்சத்தில் அவர் விடியுமுன் சொல்லாமல் புறப்பட்டுவிடுவதையும், பிறகு தொலைபேசியில் அழைத்து உண்மையை ஒப்புக்கொள்வதையும் மிகை என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது. நான் காரில் ஏறியதோடு சரி, அந்த அழைப்பை இன்னும் செய்யவில்லை.

சென்ற வாரம் அக்கா வீட்டில் படத்தை மறுபடியும் பார்த்திருக்கிறார். கார்த்தி திகட்டுகிறார் என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை, அதற்காகத்தான் என்னை அழைத்தார், அரை மணி நேரம் அதையே பேசினோம். பேச்சை முடிக்கும் நேரத்தில், 'அன்றைக்குக் கோயிலில் நமக்குச் சோறு போட்டாரே, அவர் பெயர் என்னடா தம்பி?' என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.