வேனில் வரும் சிவகாமி

எங்கள் ஊர் சிவகாமி அம்மன் வருஷத்துக்கு இரண்டு நாள்தான் ஊருக்கு வருவாள். மற்ற நாளெல்லாம், திருட்டுக்குப் பயந்து, சிலைகளை வைத்துக் காக்கும் பாதுகாப்பு மையத்தில் இருப்பாள். மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் மதியம் ஒரு வேன் வந்து நிற்கும். உள்ளே நடராஜரும் அம்மனும் பழைய ஜமக்காளத்தில் சுற்றி, ஆடாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டிக் கிடப்பார்கள். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள், நோட்டும் கையுமாக ஒரு எழுத்தர். இறக்கியதும் பெரியப்பா அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவார். விடிகாலை அபிஷேகம், தரிசனம், களி, வீதியுலா எல்லாம் முடிந்து மறுநாள் மறுபடி ஜமக்காளம், மறுபடி கயிறு. வேன் கிளம்பும்போது எங்கள் அப்பாயி கண்ணாடியில் கை வைத்து "போயிட்டு வா ஆத்தா" என்று சொல்லும், ஏதோ வெளியூரில் கட்டிக் கொடுத்த மகளை வழியனுப்புகிற மாதிரி.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டு. வெளிநாட்டிலிருந்து மீண்டு வந்த நடராஜர் படம், பின்னால் தேசியக் கொடி, "ஒவ்வொரு இந்தியனும் பெருமைப்பட வேண்டிய தருணம்". நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் போட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் போட்டு முடித்த பிறகு ஒரு உறுத்தல்.

படத்தில் இருந்தவர் ஸ்ரீபுரந்தான் நடராஜர். அரியலூர் மாவட்டம், சோழர் காலச் சிலை. 2006ல் திருட்டுப் போனது. பூசை நின்றுபோன கோவில் என்பதால் போனது தெரியவே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் அவர் நியூயார்க் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா போய், 2008ல் கான்பெராவில் இருக்கும் தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது கையோடு திருப்பிக் கொடுத்தார். விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் அப்போதுதான் வந்தார்.

இதில் நாம் பெருமைப்பட்டது எதற்கு? நம் ஊர்க் கோவிலில் வவ்வால் எச்சத்துக்கு நடுவே நின்றபோது அவரை எட்டிப் பார்க்க ஆள் இல்லை. டாலரில் விலை போட்டதும் அவர் நம் பாரம்பரியம் ஆகிவிட்டார். கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, எங்கள் ஊர் சிவகாமியின் உயரம் எத்தனை அங்குலம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அப்புறம் அந்தக் குழுவில் ஒரு சித்தப்பா, உலகமயம் வந்துதான் நம் பண்பாடே அழிந்தது என்று ஆரம்பித்தார். சரி, அதையும் பார்ப்போம். கோவில் பூட்டை உடைத்தவர்கள் நம்மூர்க்காரர்கள். சென்னையிலிருந்து கப்பல் ஏற்றிவிட்டதும் நம் ஆட்களே. புதிதாகச் செய்த கைவினைப் பொருள் என்று காகிதம் போட்டால் போதும், பெட்டி கிளம்பிவிடும். விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு வருஷம் இங்கே கொண்டுவரப்பட்டு, 2022ல் உடையார்பாளையம் கோவில் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்து வருஷ தண்டனை பெற்றார். உலகம் முழுக்கச் சுற்றிய வழக்குதான், ஆனால் தொடங்கிய இடம் நம் வீட்டு வாசல்.

இன்னும் ஒன்று. அந்த நடராஜருக்கு ஒரு பொய்ப் பூர்வீகம் எழுதியிருந்தார்கள்: 1970ல் டெல்லியில் இருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரியின் குடும்பம் வாங்கிக்கொண்டு போனதாம். ஏன் குறிப்பாக அந்த வருஷம் என்றால், பழம்பொருள் சட்டம் வந்தது 1972ல், அதற்கு முன்னால் போனதென்றால் கேள்வி குறைவு. இந்தக் கதையை உடைத்தது எது தெரியுமா? ஒரு போட்டோ. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய், கோவில் கோவிலாகப் படம் எடுத்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் 1994ல் இதே நடராஜர் ஸ்ரீபுரந்தானிலேயே நிற்கிறார்! 1970ல் போனவர் எப்படி 1994ல் ஊரில் இருப்பார்? அருங்காட்சியகங்கள் இணையத்தில் போடும் படங்களையும் இந்தப் பழைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திருவாசியில் எந்தச் சுடர் வளைந்திருக்கிறது, பீடத்தில் எங்கே பள்ளம் என்று ராத்திரி உட்கார்ந்து ஒப்பிட்டவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். சித்தப்பா திட்டுகிற அதே உலகமயம்தான் அந்த ஒப்பீட்டுக்கும் வழி செய்தது.

"அங்கேயே இருந்திருக்கலாம், ஏசியில் பத்திரமா வச்சிருந்தான்" என்று இன்னொருவர். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உற்சவர் என்றால் ஊர்வலம் போக வேண்டியவர், பீடத்தில் தண்டு நுழைக்கத் துளை போட்டே வார்க்கிறார்கள். பத்தூரிலிருந்து திருட்டுப் போய் லண்டனில் சிக்கிய நடராஜருக்காக அங்கே வழக்கு நடந்தபோது கோவிலின் உரிமையை ஏற்று 1988ல் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டிலும் நின்றது, 1991ல் வந்து சேர்ந்தார். ஆனால் சேர்ந்தது பத்தூருக்கு இல்லை, திருவாரூர் பாதுகாப்பு மையத்துக்கு. ஸ்ரீபுரந்தான்காரரும் கும்பகோணத்தில் கம்பிக்குப் பின்னால்தான் போய் நின்றார். கான்பெராவிலாவது அவரை டிக்கெட் இல்லாமல் பார்க்க முடிந்தது.

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. காவலாளி இல்லாத கோவிலில் கோடிக்கணக்கில் விலைபோகும் சாமியை வைத்துவிட்டு எந்த அதிகாரி நிம்மதியாகத் தூங்குவார்? ஆனால் ஒரு காவலாளிச் சம்பளம், ஒரு இரும்புக் கதவு, ஒரு வேளை பூசை, இதற்கு வழி பண்ணாமல் கொடிக்கு முன்னால் சாமியை நிறுத்திப் படம் எடுப்பதில் எனக்கு ருசி இல்லை.

போன திருவாதிரைக்கு நான் ஒரு டேப்பும் நல்ல கேமராவும் எடுத்துக்கொண்டு போனேன். முன்னால், பின்னால், பீடம், அம்மனின் இடது கைவிரல் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன உடைசல், எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பதாகத் திட்டம். எழுத்தர் ஓடி வந்தார். "சார், போட்டோ எடுக்கக் கூடாது. பாதுகாப்புப் பிரச்சினை."

பெரியப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "விடுடா. நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு ஜீப்ல பாண்டிச்சேரிக்காரங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. போய் அவங்ககிட்ட கேளு."