அம்மாயியின் உடம்பில் ஒரு குயில்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை விடவில்லை, கரண்டும் இல்லை. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பேத்தி கொப்பியும் கையுமாக உட்கார்ந்து எலும்புப் பெயர்களைப் பாடமாக்குகிறாள். தாதியர் கல்லூரியில் முதலாம் வருடம். அம்மாயி, முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர், மடித்த சாக்கின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நேராக உட்காராததற்குக் காரணம் உண்டு.

பேத்தி: கொக்சிக்ஸ்... கொக்சிக்ஸ்... கொக்சிக்ஸ்...

அம்மாயி: யாரை ஏசுகிறாய்?

பேத்தி: ஏசவில்லை அம்மாயி. எலும்பின் பெயர். போன கிழமை பீலிக்கரையில் வழுக்கி விழுந்தீர்களே, அப்போது அடிபட்ட இடம்.

அம்மாயி: அந்த இடத்துக்கெல்லாமா பெயர் வைத்திருக்கிறார்கள்?

பேத்தி: கிரேக்கத்தில் குயில் என்று அர்த்தம்.

அம்மாயி: (சாக்கிலிருந்து கொஞ்சம் எழும்பி, கீழே பார்த்து) குயிலா? இங்கேயா?

பேத்தி: குயிலின் அலகு மாதிரி வளைந்து கூராக இருக்கும். உயர்தரத்தில் தமிழில் படித்தபோது எங்களுக்கும் குயிலலகு என்றுதான் படிப்பித்தார்கள்.

அம்மாயி: அப்பவே நினைத்தேன். விழுந்த நேரம் ஒரு கூவல் கேட்டது.

பேத்தி: அது நீங்கள் போட்ட கூச்சல். மேல் லயம் வரைக்கும் கேட்டதாம்.

அம்மாயி: குயில் காகத்தின் கூட்டில் முட்டை இடுகிற சாதி ஆயிற்றே. இது என் எலும்புதானா, இல்லை வேறு யாருடையதையும் எனக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டதா? நன்றாகப் புத்தகத்தைப் பார்.

பேத்தி: உங்களுடையதுதான். அதற்கு மேலே இருப்பது சாக்ரம். புனிதமான எலும்பு என்று அர்த்தம். தமிழில் திருவென்பு.

அம்மாயி: திருவா? கோயிலுக்குப் போடுகிற திருவா?

பேத்தி: ஆமாம். ஏன் புனிதம் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

அம்மாயி: கதை எதற்கு? தலையில் கயிறு, முதுகில் கூடை. ஒவ்வொரு எட்டுக்கும் கூடை வந்து இடிக்கிற இடம் அதுதான். புனிதம் இல்லாமல் என்ன? (யோசித்து) ஆனால் இத்தனை வருடம் அதன் மேல்தானே உட்கார்ந்திருக்கிறேன். மாரியம்மா, தெரியாமல் செய்தது.

பேத்தி: கழுத்தில் முதல் எலும்பு அட்லஸ். அவன் ஒரு கிரேக்க இராட்சதன். தேவர்களோடு சண்டை போட்டுத் தோற்றதால், வானத்தைத் தாங்கிக்கொண்டு நில் என்று சியஸ் தண்டனை கொடுத்துவிட்டார். நம் தலையை அந்த எலும்பு தாங்குவதால் அவன் பெயர்.

அம்மாயி: வானம் எத்தனை கிலோ?

பேத்தி: யாரும் நிறுக்கவில்லை.

அம்மாயி: நிறுக்காமல் எப்படிப் பேர் போட்டார்கள்? முழுப் பேரா, அரைப் பேரா? நான் பதினாறு கிலோ கொண்டுபோனால், இரண்டு கிலோ குறைவு என்று அரைப் பேர்தான் போட்டார் கணக்கப்பிள்ளை. இவன் ஒரு கிலோ கொழுந்து பறிக்காமல் நின்ற இடத்திலேயே நின்று என் கழுத்தில் முழுப் பேர் வாங்கிவிட்டானே.

(தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய சம்பளம். அட்லஸ் விஷயத்தில் என் ஓட்டு அம்மாயிக்குத்தான்.)

பேத்தி: இது வேறு பேர், அம்மாயி.

அம்மாயி: எந்தப் பேரானாலும் போடுகிறவன் ஒருவன் இருப்பான். யார் அந்தக் கணக்கப்பிள்ளை?

பேத்தி: பல பேர். முக்கியமானவர் கேலன். இரண்டாம் நூற்றாண்டில் இருந்தவர். பெர்கமம் என்ற ஊரில், வாள் சண்டை போடுகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அவர் எழுதி வைத்ததையே ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேல் வேதம் மாதிரி படித்தார்கள்.

அம்மாயி: அப்போ எத்தனையோ ஆளை வெட்டிப் பார்த்திருப்பார்.

பேத்தி: அதுதான் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே மனித உடம்பை வெட்டிப் பார்க்க விடமாட்டார்கள். குரங்கு, பன்றி இவற்றை வெட்டிப் பார்த்துத்தான் எழுதினார்.

அம்மாயி: குரங்கைப் பார்த்து எனக்குப் பேர் போட்டாரா?

பேத்தி: அதைக் கண்டுபிடித்தவர் வெசாலியஸ். 1543-ல் அவர் போட்ட புத்தகத்தில், கேலன் சொன்ன பல விஷயம் மனிதனுக்குப் பொருந்தாது என்று படத்தோடு காட்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 28.

அம்மாயி: ஆயிரத்து முன்னூறு வருடம் ஒருவரும் பேர் போடுகிற செக்ரோலைத் திறந்து பார்க்கவில்லை. இங்கேயும் அப்படித்தான். (காலைத் தடவி) சரி, இந்த முட்டிக்கு என்ன பேர்? இதைத்தான் மழைக்குத் தாங்க முடியவில்லை.

பேத்தி: பட்டெல்லா. சின்னத் தட்டு, தட்டையான சட்டி என்று லத்தீனில் அர்த்தம்.

அம்மாயி: நாம் சிரட்டை என்கிறோம். அதுதான் சரி. தட்டு தட்டையாக இருக்கும், இது கவிழ்த்து வைத்த சிரட்டை மாதிரியே இருக்கிறதே. அந்த ஊரில் தேங்காய் கிடையாதோ?

பேத்தி: அவர்கள் வீட்டில் இருந்ததை வைத்துத்தானே பேர் வைப்பார்கள். இடுப்பு எலும்புக்கு பெல்விஸ். அப்படியென்றால் பேசின். தொடை எலும்பு வந்து பொருந்துகிற குழிக்கு அசிட்டாபுலம், வினாகிரிக் கிண்ணம். முட்டிக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் இரண்டு எலும்பு. தடித்தது டிபியா, புல்லாங்குழல். மெல்லியது பிபுலா, துணியில் குத்துகிற ஊக்கு.

அம்மாயி: தட்டு, பேசின், வினாகிரிக் கிண்ணம், புல்லாங்குழல், ஊக்கு. இது உடம்பா, தீபாவளி நேரத்து ஹட்டன் கடைத்தெருவா?

பேத்தி: தோள்பட்டைக்கு முன்னால் இருப்பது கிளாவிக்கிள். சின்னச் சாவி.

அம்மாயி: சாவி வேறா! அந்தப் பெட்டியையும் பூட்டி வைக்கச் சொல். அதை நாம் காறை எலும்பு என்போம். என் அம்மாவுக்கு ஒரு காறை இருந்தது, கழுத்தை ஒட்டிக் கிடக்கும். அதை அடகு வைத்த பிறகு எலும்பு மட்டும் மிஞ்சியது.

பேத்தி: (சிரித்து) கையை மடக்குங்கள். மேலே ஒன்று உருண்டு ஓடுகிறதே, என்ன மாதிரி இருக்கிறது?

அம்மாயி: (மடக்கிப் பார்க்கிறார். எழுபத்திரண்டு வயதிலும் ஓடுகிறது.) சாக்குக்குள் எலி ஓடுகிற மாதிரி.

பேத்தி: அம்மாயி! அதேதான்! மசில் என்ற சொல்லுக்கு லத்தீனில் சின்ன எலி என்றுதான் அர்த்தம்.

அம்மாயி: இதற்கா நீ மூன்று வருடம் படிக்க வேண்டும்? என்னிடம் கேட்டிருக்கலாமே. குயில் ஒன்று, எலி எத்தனையோ. இன்னும் என்ன வளர்க்கிறேன்?

பேத்தி: காதுக்குள் நத்தை. கொக்லியா என்பது நத்தை ஓடு. அதற்குப் பக்கத்தில் மூன்று குட்டி எலும்பு: சுத்தியல், பட்டடை, குதிரை ஏறும்போது கால் வைக்கிற வளையம். அந்த வளையம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். உடம்பிலேயே சின்ன எலும்பு.

அம்மாயி: காதுக்குள் ஒரு கொல்லன் பட்டறை நடக்கிறது, அப்புறம் காது கேட்கவில்லை என்று என்னை ஏசுகிறீர்கள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சரி, தமிழில் பேர் போட ஆளே இல்லையா?

பேத்தி: இல்லாமல் என்ன. நம் பெயர்களில் பாதி பை. இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை.

அம்மாயி: நம் ஆட்கள் சந்தைக்குப் போகிற ஆட்கள்.

பேத்தி: இங்கிலீஷ் வைத்தியத்தைத் தமிழில் கொண்டுவந்தது என்றால், கிறீன் என்று ஓர் அமெரிக்க மிஷன் டாக்டர். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, உடற்கூற்றுப் புத்தகத்தையும் தமிழில் கொண்டுவந்தார். அங்காதிபாதம் என்று அதற்குப் பேர்.

அம்மாயி: அந்தக் காலத்தில்தானே நம் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் கோப்பித் தோட்டத்துக்குக் காட்டுவழியாக நடந்து வந்தார்கள். காலில் என்னென்ன எலும்பு என்று அவரை விட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

(கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பேத்தி உள்ளே போய்ப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுக்கிறாள். அம்மாயி கோப்பைக்கு அரை அடி தள்ளிக் கையை நீட்டுகிறார்.)

பேத்தி: நாளைக்குக் கிளினிக்கில் கண்ணையும் காட்டிவிட வேண்டும் அம்மாயி. புரை முற்றிவிட்டது. கட்டரக்ட்.

அம்மாயி: அதற்கு என்ன அர்த்தம்? பூனையா?

பேத்தி: நீர்வீழ்ச்சி.

அம்மாயி: எது? டெவனா, சென் கிளேயரா?

பேத்தி: பேர் வைத்தவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை. மூளையிலிருந்து கெட்ட நீர் இறங்கிக் கண்ணில் உறைந்துவிடுகிறது என்று முந்தி நம்பினார்கள். அதனால்தான் அந்தப் பேர்.

அம்மாயி: எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. சென் கிளேயரில் தண்ணீர் குறைந்து எத்தனை வருடம்?

பேத்தி: மேல் கொத்மலை மின்நிலையம் வந்த பிறகுதான். 2012.

அம்மாயி: என் கண் மங்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். அங்கே மறித்த தண்ணீரை இங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்கள்?

பேத்தி: 150 மெகாவாட்.

அம்மாயி: அதில் எனக்கு ஒரு பல்புக்காவது பங்கு வரவேண்டாமா? பார், இப்போதும் இருட்டு.

பேத்தி: தண்ணீரே இறங்குவதில்லை அம்மாயி. கண்ணுக்குள் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது மங்கிப்போகிறது, அவ்வளவுதான். லென்ஸ் என்றால் பருப்பு. நாம் வாங்குகிற மைசூர்ப் பருப்பு மாதிரி வட்டமாக, நடுவில் தடித்திருக்கும்.

அம்மாயி: அப்படிச் சொல். பருப்பு வெந்துவிட்டது. வெந்தால் பாலாகத்தானே போகும். இதை விளங்கப்படுத்த நீர்வீழ்ச்சி எதற்கு?

பேத்தி: டாக்டர் அந்தப் பருப்பை எடுத்துவிட்டு வேறு போடுவார். கண்ணில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு அறை இருக்கிறது. அதற்கு லத்தீனில் கமெரா என்று பேர்.

அம்மாயி: படம் பிடிக்கிறதா?

பேத்தி: அதற்கும் இதுதான் வேர். கமெரா என்றால் அறை. போர்த்துக்கீசர் அதைக் காமரா என்றார்கள். அதுதான் நம் காம்பரா.

அம்மாயி: நம் காம்பராவா? இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவா?

பேத்தி: இதேதான். நாம் உட்கார்ந்திருக்கிற இஸ்தோப்புகூட ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.

அம்மாயி: அப்போ என் கண்ணுக்குள்ளும் இரண்டு காம்பரா. கூரை ஒழுகுகிறதா என்று கேட்டுவை. இந்த லயத்துக்கு மூன்று தரம் எழுதிக் கொடுத்தும் தகரம் வரவில்லை. (பிளேன்டீயை உறிஞ்சி) கண்ணில் நடுவே கறுப்பாக இருக்கிறதே, அதை என்ன சட்டி பானையாக்கினார்கள்?

பேத்தி: அதுதான் எனக்குப் பிடித்தது. பியூப்பில். லத்தீனில் சின்னப் பொம்மை, சின்னப் பெண். இன்னொருவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தால் நம் உருவம் பொம்மை மாதிரித் தெரியும் இல்லையா? அதனால்.

அம்மாயி: அது கண்ணின் பாவை.

பேத்தி: (கொப்பியை மூடுகிறாள்) ஆமாம்... பாவையும் பொம்மைதானே. பாவையும் பெண்தானே. இத்தனை நாளும் எனக்கு இது தோன்றவே இல்லை.

அம்மாயி: பார்த்தாயா, இதற்கு மட்டும் அவனும் நம்மை மாதிரியே பார்த்திருக்கிறான். அவன் குரங்கைப் பார்க்கவில்லை, பெண்சாதியைப் பார்த்திருப்பான். கிட்டே வா. என் கண்ணில் பொம்மை இருக்கிறதா?

பேத்தி: (குனிந்து பார்த்து) இருக்கிறது. கொஞ்சம் பனி மூட்டத்தில் நிற்கிறாள்.

அம்மாயி: எப்படி இருக்கிறாள்?

பேத்தி: சின்னதாக.

அம்மாயி: ஹொஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே. எழும்பு, ரொட்டிக்கு மாவைப் பிசை.

(பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல் உடம்பு எப்படி என்று கேட்கிறது. அம்மாயிக்கு அந்தச் சுத்தியல் பட்டடையெல்லாம் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது.)

அம்மாயி: (உரக்க) குயிலுக்கு இன்னும் வலிதான், சின்னப்பிள்ளை! சிரட்டை மழைக்குப் பிடித்துக்கொண்டது. இரண்டு எலிக்கும் எண்ணெய் தேய்க்க வேண்டும். நாளைக்குப் போய்ப் பருப்பை மாற்றப் போகிறேன்!

(மறுபக்கத்தில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மெதுவாக ஏதோ கேட்கிறது.)

அம்மாயி: என்னவாம்?

பேத்தி: கூட்டிக்கொண்டு போகப்போவது ஆஸ்பத்திரிக்கா, மாட்டு டாக்டரிடமா என்று கேட்கிறார்.