நாலு கோல், ஒரு காளான்

(கோயமுத்தூர் கணபதியில் ஒரு பேக்கரி. சாயங்காலம் ஆறரை மணி. மாமாவுக்கு அதே தெருவில் லேத் பட்டறை. ஊர்ப் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பதினோரு பனியன் வாங்கிக் கொடுத்தார்; சிறப்பு விருந்தினர் ஆக்கிவிட்டார்கள். பனியன் கொடுத்தால் மைக்கில் பேசவும் வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. எதிரே அக்கா மகன், நோட்டும் பேனாவுமாக. எங்கள் பக்கம் பெரியவர் சொல்வது பொய் என்று சொல்வதானாலும் கூடவே ஒரு 'ங்' போட்டுத்தான் சொல்ல வேண்டும்.)

மாமா: எழுதிக்கோ மாப்ள. "நான் மொதமொதல்ல பாத்த புட்பால் மேட்ச்." கீழ ஒரு கோடு போடு.

மருமகன்: போட்டாச்சுங் மாமா.

மாமா: "2019-ஆம் வருசம், மார்ச் மாசம் 9-ஆம் தேதி, சனிக்கெழமை. கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். இந்தியா பூரா இருக்கற கிளப்புக ஆடற ஐ-லீக்ல கடைசி மேட்ச். சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும். மூணுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோம். விழுந்த நாலு கோலையும் என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்."

(மருமகன் பேனாவை மூடுகிறான்.)

மாமா: என்றா மூடறே?

மருமகன்: நாலையுமுங்களா மாமா?

மாமா: ஏன், அஞ்சு விழுந்துச்சா?

மருமகன்: விழுந்தது நாலுதானுங். நீங்க பாத்தது எத்தனைன்னு எண்ணிட்டிருக்கறனுங்.

மாமா: உன்ற கூடத்தான வந்தேன்? உன்ற பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?

மருமகன்: உக்காந்திருந்தீங். ஆனா மொத அரை மணி நேரம் எந்த டீமு நம்முளுதுன்னே உங்களுக்குத் தெரியலீங்களே.

மாமா: அது என்ற குத்தமா? சென்னை சிட்டின்னு பேரு வெச்சா வெளியூர் டீமுன்னுதான நெனப்பான் மனுசன்? "நம்மூரு டீமு எப்பங் வரும்?"னு பின்னாடி வரிசையில கேட்டேன். அந்தப் பையன் என்னை மொறைச்சான் பாரு, வட்டி கட்டாதவனைப் பாத்த மாதிரி. பேரு சென்னை, ஆடுனது வ.உ.சி. பார்க்குக்குப் பக்கத்துல, கோச்சு சிங்கப்பூர்க்காரரு, கோல் போடறவரு பொறந்தது உருகுவே. இதுல நான் எந்தூருக்காரன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

மருமகன்: ரோமாரியோன்னு மைக்குல சொன்னப்ப பிரேசில்காரனான்னு கேட்டீங்.

மாமா: ஆமா, அவன் மட்டும் தமிழ்நாட்டுப் பையன்னு நீதான சொன்னே?

மருமகன்: அவரு மட்டுமில்லீங், நம்ம பசங்க இன்னும் இருந்தாங்க. அது கெடக்குதுங். மொத கோலுக்கு வாங்க. எப்படி விழுந்துச்சு?

மாமா: மொத கோலு... ஆரம்பத்துலயே விழுந்துச்சு.

மருமகன்: மூணாவது நிமிசமுங். போட்டது யாரு?

மாமா: நாமதான்.

மருமகன்: மினர்வாங் மாமா. அவியதான் போட்டாங்க. அந்த நேரத்துல நீங்க திரும்பி உக்காந்து, பக்கத்துல இருந்த அன்னூர்க்காரருகிட்டப் பேசிட்டிருந்தீங்.

மாமா: (முகம் மலர) அட, அவரு! நல்ல மனுசன். ஆயிரத்து நூறு அடி போர் ஓட்டியிருக்காரு, வெறும் புழுதி. பாவம் பாரு. வாழைக்குத் தண்ணியில்லாம...

மருமகன்: அந்தப் போர் எண்ணூறாவது அடியில எறங்கிட்டிருக்கறப்ப கோல் விழுந்துருச்சுங். கேலரியே கப்சிப். நீங்க என்ன சொன்னீங், நெனப்பிருக்குதுங்களா? "பாரு மாப்ள, பெரியவிய பேசறப்ப எப்புடி மருவாதியாக் கம்முனு இருக்கறாங்க"ன்னீங்.

மாமா: (டீயை ஆற்றிக்கொண்டே) சரி, சரி. எதிரி கோலு எதுக்கு? பொங்கலும் அதுவுமா அபசகுனம். விட்டுரு. ரெண்டாவதைப் பாத்தனே! பெனால்டி! பெட்ரோ மான்சி! ஓடி வந்து ஒரே அடி.

மருமகன்: நீங்க அப்ப கேலரியிலயே இல்லீங்.

மாமா: பெறகு எங்க இருந்தேன்?

மருமகன்: வெளிய, காளான் வண்டியில.

(சிறிது மௌனம். பேக்கரி மாஸ்டர் டம்ளரை ஓங்கி வைக்கும் சத்தம்.)

மாமா: இன்டர்வெல்லுதான? அதுக்குள்ள வந்துரலாம்னு போனேன். ரசிகனுக்கும் வயிறு இருக்குதில்ல.

மருமகன்: இன்டர்வெல்லு பதினஞ்சு நிமிசமுங் மாமா. தோசைக்கல்லுல இருந்த காளான் ஆறிப்போச்சு, புதுசாப் போடுன்னு சொல்லி நின்னுட்டீங். போட்டுக் குடுத்ததுக்கு அப்புறம், இதுல காளானே இல்லை, முட்டைக்கோசுதான் இருக்குதுன்னு அவன்கூடச் சண்டை.

மாமா: இருந்தது முட்டைக்கோசுதான்!

மருமகன்: கோயமுத்தூர்ல எந்த ரோட்டுக்கடைக் காளான்ல காளான் இருந்துருக்குதுங்? செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சுப் பத்து நிமிசம் தாண்டிப் பெனால்டி கெடைச்சுது. அவரு அடிச்சு ஒண்ணுக்கு ஒண்ணு ஆச்சு. நீங்க அந்நேரம் கேட்டுல நின்னு, "உள்ள என்ற மருமகன் இருக்கறான்"னு சொல்லிட்டிருந்தீங். அந்த சீசன்ல மட்டும் 21 கோல் போட்ட மனுசனுங் மாமா. அவரு கோலு ஒண்ணையாச்சும் பாத்திருக்கலாம்.

மாமா: சத்தம் கேட்டுதுடா. கேட்டுல நின்னா ஸ்டேடியமே இடிஞ்சு விழற மாதிரி இருந்துது. சத்தத்தைக் கேட்டாலும் பாத்த கணக்குதான். ரேடியோவுல கிரிக்கெட்டுக் கேட்டவனெல்லாம் பாத்தேன்னுதான சொல்றான்?

மருமகன்: சரிங், சத்தக் கோலு ஒண்ணு. அடுத்தது?

மாமா: கௌரவ் போரா! டிஃபெண்டரு! காவலுக்கு நிக்க வேண்டியவன் முன்னாடி போயிக் கோல் போட்டான். தோட்டத்துக்குக் காவல் வெச்சவன் மரத்துல ஏறித் தேங்காய் பறிச்ச மாதிரி. இதைப் பாக்காமயா சொல்றேன்?

மருமகன்: அடுத்த நாள் பேப்பர்ல படிச்சுச் சொல்றீங்.

மாமா: டேய்!

மருமகன்: கோவிச்சுக்காதீங் மாமா. கடைசி மேட்சுக்கு முன்னாடி நம்முளுக்கு 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவிய அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலத்தோட ஆடறாங்க. நாம ஜெயிச்சாக் கப்பு நம்முளுது. ட்ரா ஆகி அவிய ஜெயிச்சா கொல்கத்தாவுக்குப் போயிரும்னு சொன்னேன். சொன்னதுல இருந்து என்ற போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டீங்.

மாமா: கணக்குன்னு வந்துட்டா ரெண்டு பக்கமும் பாக்கோணுமில்ல? பட்டறை நடத்தறவனுக்கு அதுதான பொழப்பு.

மருமகன்: கோழிக்கோட்டுல கோகுலம் மொதல்ல போட்டுது. இங்க கூட்டமே எந்திரிச்சுக் கத்துது. நீங்களும் போனைத் தூக்கிக்கிட்டுக் குதிச்சீங். முன்னாடி இருந்தவரைக் கட்டிப் புடிச்சு, "கோழிக்கோட்டுல போட்டுட்டாங்க!"ன்னீங். அவரு உங்களைத் திருப்பி கிரவுண்டைக் காட்டி, "இங்கயும் போட்டுட்டாங்கண்ணா"ன்னாரு.

மாமா: (தலையைச் சொறிந்து) அவரு நல்ல பலமான ஆளு. தோள்பட்டை ரெண்டு நாளு வலிச்சுது.

மருமகன்: அங்க கடைசியில ஈஸ்ட் பெங்கால் ரெண்டு போட்டு ஜெயிச்சுருச்சுங். நாம ஜெயிச்சதால தப்பிச்சோம். 43-க்கு 42. ஒரே பாயிண்டு. தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் ஜெயிச்சது அதான் மொதல் தடவை. அந்த மேட்சுக்குப் போயி கோல் பாக்காம வந்த ஒரே ஆளு நீங்கதானுங் மாமா.

மாமா: பெரிய ரசிகன் வந்துட்டான். நீ எப்ப இருந்து பாக்கறே?

மருமகன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) அந்த சீசன் மொத மேட்சுல இருந்துங். 2018 அக்டோபர் 26. இந்தியன் ஆரோஸோட நாலுக்கு ஒண்ணு. மான்சி ஹாட்ரிக். அதுதான் நான் நேர்ல பாத்த மொத மேட்ச். டிராக்கைத் தாண்டி அந்தக்கட்ட ஆடறாங்க, எறும்பாட்டம் தெரியுது. ஆனா பந்து நெட்டுல போயிப் பட்டப்போ அப்படியே சிலுத்துப்போச்சுங். ஊட்டுக்கு வந்து தூக்கமே வரலை. அதனாலதான் உங்களையும் இழுத்துட்டுப் போனேன்.

மாமா: (கொஞ்சம் இளகி) ம்ம்... சரி. கடைசிக் கோலைச் சொல்லு. அதையும் எழுதிக்கலாம்.

மருமகன்: இஞ்சுரி டைமுங் மாமா. மறுபடியும் அதே போரா. கப்பு உறுதி! கூட்டம் அழுவுது, சிரிக்குது...

மாமா: காலுலயா, தலையிலயா?

மருமகன்: ...என்னங்?

மாமா: போரா அந்தக் கோலைக் காலுல அடிச்சானா, தலையில முட்டுனானா?

மருமகன்: தலையிலதானுங். கண்ணுலயே நிக்குது.

மாமா: (டம்ளரைக் கீழே வைத்து) மாப்ள. அன்னிக்கு நாம எந்த வண்டியில போனோம்?

மருமகன்: என்ற வண்டியிலங்.

மாமா: சாவி யாருகிட்ட இருந்துச்சு?

மருமகன்: ...

மாமா: எண்பத்தெட்டாவது நிமிசத்துல, "கூட்டம் கெளம்பிருச்சுன்னா வண்டியை எடுக்க முடியாது, போலாம் மாப்ள"ன்னு நான் எந்திரிச்சேன். நீயும் கூடவே வந்தே. ரெண்டு பேரும் ஒட்டுக்கா வண்டி ஸ்டாண்டுல நின்னோம். நீ சைடு லாக்கை எடுக்க முடியாம முக்கிட்டிருந்தே. அப்ப உள்ள ஒரு சத்தம். "மூணாவதா இருக்குமுங் மாமா"ன்னே. நெனப்பிருக்குதா?

மருமகன்: (மெதுவாக) தாலி கட்டறதுக்குள்ள பந்திக்கு ஓடறவியளைக் கண்டாலே நம்முளுக்கு ஆகாதுங். உங்களாலதான்...

மாமா: காலா, தலையா?

மருமகன்: தெரியாதுங் மாமா.

மாமா: ஆறு வருசத்துக்கு மேல ஊரெல்லாம் என்ன சொல்லிட்டுத் திரியறே?

மருமகன்: தலைன்னுதானுங்.

மாமா: சரி, பேனாவைத் தொற. "நாலையும் பாத்தேன்"ங்கறதை அடி. "நாலு கோல் விழுந்த மேட்சுக்குப் போயிருந்தேன்"னு எழுது.

மருமகன்: அது நெசமுங்.

மாமா: "என்ற மருமகன்தான் கூட்டிட்டுப் போனான்."

மருமகன்: அதும் நெசமுங்.

மாமா: "கடைசிக் கோலை அவனும் பாக்கலை."

மருமகன்: மாமா! அந்தப் பதினோரு பசங்களுக்கும் நான்தானுங் கோச்சு!

மாமா: (கல்லாப் பக்கம் கையைக் காட்டி) அப்பச் சரி, டீக்காசை நீ குடுத்துரு. எச்சா ரெண்டு தேங்கா பன்னு சொல்லு. உன்ற அத்தைக்கும் ஒண்ணு பார்சல்.